எனக்கென்று கட்டிய வீடு

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். இதைப் பெருமையாகச் சொல்லாத ஆளை நான் சாய்ந்தமருதிலும் கண்டதில்லை, கல்முனையிலும் கண்டதில்லை. வெளியூரிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், தேநீர் ஆறுவதற்குள் வாப்பா தொடங்கிவிடுவார். உங்கள் பக்கத்தில் பெண்ணை வீட்டை விட்டு அனுப்புவீர்கள், எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வரவேண்டும், எங்கள் பெண்பிள்ளை யாருடைய வாசலிலும் போய் நிற்கத் தேவையில்லை என்பார். வந்தவர் தலையை ஆட்டுவார். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று நானும் தலையை ஆட்டியிருக்கிறேன். அந்தப் பேச்சை அப்படியே நம்பிய முட்டாள் ஊரிலேயே நான் ஒருத்திதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டும் பெண். நான் மூத்தவள். வாப்பாவுக்கு மேற்கே வட்டை என்கிற வயல்வெளியில் வயல் இருந்தது. சூறாவளி வந்து எங்கள் மண்வீட்டின் கூரையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, வளவின் முன்பக்கத்தில் எனக்கென்று ஒரு கல்வீடு கட்டத் தொடங்கினார். ஒரு வெள்ளாமைக்கு அத்திவாரம், அடுத்த வெள்ளாமைக்குச் சுவர் என்று அந்த வீடு நெல்லோடு சேர்ந்து வளர்ந்தது. மழை பிழைத்த போகத்தில் அதுவும் நின்றுவிடும். சுவருக்குள்ளே புல் முளைத்து ஆடு மேயும். நாங்கள் பின்னால், கூரையை மறுபடி மேய்ந்துகொண்டு, மண்வீட்டிலேயே இருந்தோம். எனக்குக் கலியாணம் முடிந்தால் கல்வீடு எனக்கும் மாப்பிள்ளைக்கும், மண்வீடு உம்மாவுக்கும் வாப்பாவுக்கும். தங்கைக்கு அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். பெண் பிறந்த வீட்டில் எல்லா வாப்பாமாருக்கும் இதே கதைதான், அன்றிலிருந்தே கல்லும் சீமெந்தும் கனவில் வரும்.

சுவர் இடுப்பளவுக்கு வந்தபோது வாப்பா என்னைக் கூப்பிட்டு, அறைக்கு யன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கேட்பது பெரிய செல்லம். கிழக்கே வைத்தால் கடல் காற்று வரும் என்றார் மேசன். நான் வடக்கே என்றேன். வடக்குப் பக்கம் கிடுகு வேலியைத் தவிர வேறொன்றும் இல்லையே, அங்கே என்ன காற்று வரப்போகிறது என்று மேசன் சிரித்தார். அவள் கேட்ட இடத்தில் வை, அவளுடைய வீடு என்று வாப்பா சொன்னார். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. அவர்தான் மறந்தார்.

வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய வளவு. என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். அவள் மூன்றாவது பெண். மூத்தவளுக்கு ஒரு வீடு கொடுத்து, இரண்டாவதுக்கு அரைகுறையாய் ஒன்றை எழுப்பி முடித்தபோது மனிதர் களைத்துப்போனார். மூன்றாவதுக்கு வளவில் இடமும் இல்லை, அவருடைய கையில் பலமும் இல்லை. வீடில்லாத பெண்ணை எங்கள் ஊரில் யாரும் கேட்டு வரமாட்டார்கள். அதனால் அவள் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தையல் மிசினில் உட்கார்ந்து தெருப் பெண்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். தன்னை யாரும் கேட்டு வரவில்லை என்பதில் அவளுக்கு ஒரு துளி கவலையும் இருக்கவில்லை. எனக்கோ அதைவிடப் பெரிய சந்தோஷம் இருக்கவில்லை.

குரவை போடுவதில் அவளை வெல்ல அந்தத் தெருவில் ஆள் இல்லை. கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து இறங்கும்போது பெண்கள் கூட்டமாக நின்று நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். கிழவிகளே அவளைத் தேடி முன்னுக்கு இழுத்து நிறுத்துவார்கள். அவள் தொடங்கினால் மற்றவர்களுக்கு மூச்சு முட்டி நின்ற பிறகும் அவளுடைய குரல் நிற்கும். எனக்கும் பழக்கிவிடு என்று கேட்டேன். வேலியோரம் வைத்து மாதக்கணக்காகப் பழக்கினாள். எனக்குக் காற்றுத்தான் வந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்வாள். அவள் சாயவேண்டும் என்பதற்காகவே நான் கடைசிவரை குரவை பழகவில்லை.

இதற்கு என்ன பெயர் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம், அவளைக் காணாத நாளில் சோறு இறங்காது, உம்மாவின் தங்கைமாரான சாச்சிமார் என் கலியாணத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எழும்பி வேலிப் பக்கம் போய்விடுவேன். அவளுக்கும் அப்படித்தான் என்று அவளே சொன்னாள், வேலியோரத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு. யோசனையும் அவளுடையதுதான்.

"ஒனக்கு வீடு இரிக்கி. எனக்கு மிசின் இரிக்கி. வேற என்னகா வேணும்" என்றாள்.

நான் பரீட்சை எழுதி டீச்சராகலாம், அவள் தைக்கலாம், கல்வீட்டின் முன்அறையில் மிசினைப் போடலாம். வீடு பெண்ணுக்கு என்றால் அந்த வீட்டுக்குள் யாரைக் கூப்பிடுவது என்பதும் பெண்ணுக்குத்தானே. வாப்பா அத்தனை பேருக்கு முன்னால் சொன்ன சொல் இருந்தது. நாங்கள் அந்தச் சொல்லின் மேல் உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

ஓடு போட்டு முடிந்த வருஷம் கலியாணம் பேச வந்தார்கள். எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது வழக்கம். ஆனால் கல்வீடு எழும்பிவிட்டால் தரகர் தானாகவே மோப்பம் பிடித்து வந்துவிடுவார். மாப்பிள்ளை கல்முனையில் ஒரு கந்தோரில் கிளார்க். வாப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, நல்ல பிள்ளை, கதைக்கவே மாட்டான் என்று மெச்சினார்.

அடுத்த நாள் பகல் உம்மாவும் நானும் குசினி வாசலில் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தோம். உம்மா மாப்பிள்ளையின் குணம், மாப்பிள்ளையின் உம்மாவின் குணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு வேண்டாம் என்றேன். எல்லாப் பெண்களும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று மீனைத் திருப்பினார். மறுபடி வேண்டாம் என்றேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆரையும் மனசுல வச்சிரிக்கியா?"

"ஓம்" என்றேன்.

பெயரைக் கேட்கவில்லை, தொழிலைக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் முதல் கேள்வி ஒன்றுதான்.

"என்ன குடி?"

குடி என்பது தாய் வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளைகளின் குடி. ஒரே குடியில் பிறந்தவர்கள் எத்தனை தெரு தள்ளியிருந்தாலும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் கலியாணம் கிடையாது. அவளும் எங்கள் குடிதான். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"நம்மட குடிதான்."

சொல்லி வாய் மூடவில்லை, மீன் கையாலேயே கன்னத்தில் அறைந்தார். கன்னமெல்லாம் செதில். குடிக்குள்ளே எவனையும் நினைப்பதற்கு உனக்கு எப்படி மனம் வந்தது, அவன் உனக்குக் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் முறையல்லவா, ஊர் காறித் துப்புமே என்று உம்மா கேட்டார். நான் அழுதுகொண்டே, அவனில்லை, அவள் என்றேன். வடக்கு வளவைக் கையால் காட்டினேன்.

உம்மா கொஞ்ச நேரம் என்னையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். அல்லாஹ், நான் பயந்தே போனேன், அவளா என்று சொல்லி, வாளியில் கையை நனைத்து என் கன்னத்திலிருந்த செதிலை ஒவ்வொன்றாக எடுத்தார். கூட்டாளிப் பெண்ணைப் பிரிய மனமில்லாமல் அழுகிறாயா, நீ எங்கே போகப்போகிறாய், மாப்பிள்ளைதானே இங்கே வரப்போகிறான், அவள் வேலிக்கு அந்தப் பக்கம்தானே என்று தேற்றினார். குடி முறை தப்பவில்லை என்றதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. உலகத்தில் அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கலாம் என்பது அவருடைய புத்திக்குள் வரவேயில்லை.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் தப்பியிருப்பேன். பலர் அப்படித்தான் தப்பியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கை கன்னத்தில் இருந்தது பிடித்திருந்தது. அந்தக் கையிடம் எதையும் சொல்லலாம் என்று தோன்றியது.

"இல்ல உம்மா, அப்பிடியில்ல. பொம்புளைகள் மாப்பிள்ளையில எப்பிடி ஆசை வைப்பாங்க, அப்பிடித்தான் எனக்கு அவள்ல. அவளுக்கும் அப்பிடித்தான். கல்வீட்டுல நாங்க ரெண்டு பேரும் இரிக்கப்போறம்."

அவருடைய கை கன்னத்தில் அப்படியே நின்றது. பிறகு அதை எடுத்தார். வாளித் தண்ணீரில் கழுவினார். மீன் இன்னும் பாதி கிடந்தது, எப்படியும் மறுபடி அழுக்காகப்போகிற கை. ஆனாலும் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார். அதற்குப் பிறகு அந்தக் கை என்னைத் தொடவில்லை. காய்ச்சல் கண்டபோதும் தங்கையைத்தான் தொட்டுப் பார்க்கச் சொல்வார்.

வாப்பா வயலிலிருந்து வந்ததும் உம்மா அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். கால் கழுவிய தண்ணீர் காயாமலே வாப்பா என் முன்னால் வந்து நின்றார். கோபமாகக் கத்துவார் என்று நினைத்தேன். வயல் வரம்பு பற்றி விசாரிக்கிறவர் மாதிரிக் கேட்டார்.

"அப்ப இந்த வீடு ஆருக்கு?"

"எனக்கு. நீங்கதானே வாப்பா செல்லுவீங்க, வீடு பொம்புளைக்கெண்டு."

"பொம்புளைக்கில்ல" என்றார் வாப்பா. "பொம்புளைய நம்பி வாற மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளையில்லாட்டி ஒனக்கெதுக்கு வீடு?"

இத்தனை வருஷம் தேநீரோடு பரிமாறிய பெருமையின் அர்த்தம் அவ்வளவுதான். அதை அவர் எந்த விருந்தாளிக்கும் சொன்னதில்லை. எனக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். அதற்கு அடி விழுந்தது, வயலுக்குக் கொண்டுபோகிற கம்பால். தங்கை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேசன் வந்தார். கலியாணத்துக்கு முன்னால் ஏதோ பூச்சு வேலை என்று நினைத்தேன். வடக்கு யன்னலைச் சட்டத்தோடு கழற்றி எடுத்து, அந்த இடத்தைக் கல் வைத்துக் கட்டச் சொன்னார் வாப்பா. காற்று வராது என்று அன்றே சொன்னேனே என்று மேசனுக்கு மகா திருப்தி. வாப்பா பக்கத்தில் நின்று, கடைசிக் கல் வைக்கும் வரை பார்த்தார்.

அதே நாள் பிற்பகல் உம்மா வேலியருகே போய் அவளுடைய உம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஆரம்பத்தில் குசுகுசுவென்று கதைத்தார்கள். பிறகு அவளுடைய உம்மாவின் குரல் ஏறியது. வீடில்லாத பெண் என்றால் என்ன பழியையும் போடலாம் என்று நினைத்தீர்களா என்று கேட்டார். அவளை மிசினிலிருந்து எழுப்பி வேலிக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கம் நான் நிற்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். கிடுகு ஓட்டையில் என் பாவாடை தெரிந்திருக்கும்.

"எனக்கு ஒண்டும் தெரியா. நான் சட்டை அளவெடுக்கத்தான் போறனான். அவக்குத்தான் என்னமோ புடிச்சிரிக்கி" என்றாள்.

அவளுடைய நிலைமை எனக்கு விளங்காமல் இல்லை. எனக்காவது வயல்காரன் மகள் என்ற பேர் இருந்தது, அவளுக்கு அதுவும் இல்லை. பயந்திருப்பாள், பயந்துதான் சொன்னாள். எல்லாம் விளங்கும். இருந்தும் நான் அதை மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையில்லை. என்னமோ பிடித்திருக்கிறது என்ற அந்த ஒரு சொல்லை அவள் கொடுத்திருக்காவிட்டால், எங்கள் வீட்டாருக்கு அதற்குப் பிறகு என்ன செய்வது என்றே தெரிந்திருக்காது.

அவள் கொடுத்த சொல்லை உம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஜின் என்று முடிவாயிற்று. ஓதிப் பார்க்கிற ஒருவரை வேறு ஊரிலிருந்து வாப்பா கூட்டிவந்தார். என்னை மண்வீட்டின் நடுவில் இருத்தி, சாம்பிராணிப் புகை போட்டு, ஓதி ஊதின தண்ணீரை முகத்தில் அடித்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, இது ஆண் ஜின், பிள்ளையின் மேல் ஆசை வைத்திருக்கிறது, அதனால்தான் வேறு ஆம்பிளையை அண்டவிடாமல் வைத்திருக்கிறது என்று அறிவித்தார். சாச்சிமார் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சில் இருந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எப்படியோ எனக்கும் ஓர் ஆம்பிளையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆம்பிளை என்றாலும் பரவாயில்லை.

பெயர் என்ன, எந்த மரத்திலிருந்து வந்தாய் என்று அவர் ஜின்னிடம் கேட்கத் தொடங்கினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அது என்ன குடி எண்டும் கேளுங்க" என்றேன்.

சாச்சி ஒருவருக்குச் சிரிப்பு வந்து முந்தானையை வாய்க்குள் திணித்தார். ஓதிப் பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஜின் கேலி பேசுகிறது, நல்ல அடையாளம், வெளிக்கிடப் பார்க்கிறது என்று பிரம்பை எடுத்தார். உள்ளங்காலில் அடித்தார். உம்மா என் தலையைப் பிடிக்கவில்லை, பெரிய சாச்சிதான் பிடித்தார். உம்மா சுவரைப் பார்த்தபடி நின்றார். ஓதுகிறவர் போய்விட்டாயா, போய்விட்டாயா என்று கேட்டுக் கேட்டு அடித்தார். போய்விட்டேன் என்று சொன்னால் விட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஊரே என்னைப் பார்க்கிற பார்வை மாறிற்று. கல்முனைக்கு பஸ் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவள் தன் பிள்ளையைத் தூக்கி மற்றப் பக்கத்தில் வைப்பாள். குடிதண்ணீருக்குத் தெருக்கிணற்றில் நான் வாளியைப் போட்டால் மற்றவர்கள் வாளியை எடுத்துவிடுவார்கள். நான் செய்தது இன்னது என்று தெரிந்து வெறுத்திருந்தால்கூட எனக்கு ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். இது பேய்க்குக் காட்டுகிற பயம். அவளுடைய மிசின் சத்தம் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் அதுவும் நின்றது.

அவளுக்குக் கலியாணம் முடித்துவிட்டார்கள். மனைவி மௌத்தாகிப் பிள்ளைகளோடு இருந்த ஒருவர், வீடு கேட்காமல் கட்டிக்கொண்டார். சத்தமில்லாமல் நிக்காஹ் நடந்தது. குரவைக்கு அவளைத் தேடுகிற ஊரில் அவளுக்குக் குரவை போட ஆளில்லை. வழக்கத்துக்கு மாறாக அவள்தான் உடுப்புப் பெட்டியோடு அடுத்த தெருவுக்குப் போனாள், செத்துப்போன இன்னொருத்தியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். எங்கள் பெண்பிள்ளை யாருடைய வாசலிலும் போய் நிற்கத் தேவையில்லை என்று வாப்பா சொல்வாரே, அன்றைக்கு அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கிளார்க் மாப்பிள்ளையை விட வாப்பாவுக்கு மனமில்லை. எப்படியாவது எனக்கே முடித்துவிடலாம், ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் அடங்கும் என்று சாச்சிமார் தைரியம் கொடுத்தார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். நிக்காஹுக்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்டு ஆட்கள் உள்ளே வருவார்கள்தானே, வரட்டும், அவர்களிடம் சம்மதமில்லை என்று சொல்வேன், ஏனென்று கேட்டால் அதையும் சொல்வேன் என்றேன். வாப்பா கம்பை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். அடித்தாலும் அந்த வாயை அந்த நேரத்தில் மூட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால் மாப்பிள்ளையைத் தங்கைக்குப் பேசினார்கள். மூத்த குமர் இருக்க இளையவளுக்கு எப்படி என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது ஜின் கைகொடுத்தது. பாவம், அவளுக்கு எழுதின நசீபு அவ்வளவுதான் என்று அவர்கள் அனுதாபப்பட்டார்கள். எனக்குப் பூசிய அதே சுவர், எனக்கு வாங்கிய அதே கட்டில். மாப்பிள்ளைக்கு வீடு மாறவில்லை, பெண் மட்டும்தான் மாறினாள். அவருக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரிந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இதற்கிடையில் நான் எழுதியிருந்த பரீட்சை சரிவந்து, எனக்கு மலைநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் நியமனம் வந்தது. வேறு காலமாயிருந்தால் ஒரு குமரை அவ்வளவு தூரம் அனுப்ப வாப்பா சம்மதித்திருக்க மாட்டார். இப்போது தானே போய் பஸ் நேரம் விசாரித்துக்கொண்டு வந்தார். கலியாணத்துக்கு மறுநாள் காலை பஸ். கலியாணத்தன்று மட்டும் நான் மண்வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் தூங்குகிறாள் என்று சொல்வார்கள் என்று ஏற்பாடு.

கலியாணத்துக்கு முதல்நாள், கல்வீட்டில் இருத்தியிருந்த தங்கை மண்வீட்டுக்கு வந்தாள். மருதோன்றி வைத்த கைகள் காயாமல் இரண்டையும் விரித்துப் பிடித்தபடி வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"ராத்தா, நான் ஒனக்காக ஒண்டும் கதைக்கல்ல. கதைச்சிருந்தா எனக்கும் வீடில்லாமப் போயிருக்கும்."

நான் கேட்கவில்லையே என்றேன்.

"கேக்கல்ல. செல்லிப்போட்டுப் போறன். மறுகா நீ இந்த வீட்டுல வந்து இரிக்கலாம் எண்டு நினைச்சிராத. நான் விடமாட்டன்."

எனக்குச் சுட்டது. ஆனால் அந்த வருஷம் முழுக்க என்னோடு கதைத்த ஆட்களில் பொய் சொல்லாதவள் அவள் ஒருத்திதான். மருதோன்றி நன்றாகச் சிவக்கும் என்றேன். கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அஸறுத் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். நான் மண்வீட்டில் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தெருவில் ஆட்களின் சத்தம் நெருங்கியது. எங்களுக்குத் தம்பி இல்லாததால் சாச்சியின் மகன்தான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவப் போனான். தண்ணீர்ச் செம்பைக் கேட்டு யாரோ கத்தினார்கள். பிறகு கல்வீட்டுப் படியில் மாப்பிள்ளை கால் வைத்திருக்க வேண்டும், குரவை எழும்பியது.

முதல் மூச்சிலேயே எனக்குத் தெரிந்தது. பத்து இருபது பெண்களின் சத்தத்துக்கு மேலே ஒன்று தனியாக ஏறியது. அவளை அழைத்திருந்தார்கள். கலியாணம் முடித்தவள் என்பதால் அழைத்திருந்தார்கள். என் வீட்டு வாசலில், வடக்கு யன்னல் இருந்த சுவருக்குப் பக்கத்தில் நின்று, என் தங்கையின் மாப்பிள்ளைக்கு அவள் குரவை போட்டாள். மற்றவர்கள் நின்ற பிறகும் அவளுடைய குரல் நின்றது. நான் கையில் பிடித்திருந்த சட்டை அவள் தைத்தது.

உம்மா பலகாரத் தட்டு எடுக்க மண்வீட்டுக்குள் வந்தார். புதுச் சேலை கட்டியிருந்தார், முகம் வியர்த்திருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர் வாசலில் நின்றார். குரவையைக் கேட்டுக்கொண்டு நின்றார். மாதக்கணக்கில் என்னோடு நேராகக் கதைக்காதவர், என்னைப் பார்க்காமலே கதைத்தார்.

"கேட்டியா அவள்ற குரவைய? அவளுக்கும் ஒன்ன மாதிரித்தான் இரிந்த. கலியாணம் முடிச்சாள், அடக்கிட்டு இரிக்காள். நீயும் அப்பிடி இரிந்திருக்கலாம்."

நான் சொன்னதை உம்மா நம்பவில்லை என்றுதான் அத்தனை காலமும் நினைத்திருந்தேன். விளங்கவில்லை, விளங்கினால் ஒருநாள் மாறுவார் என்று அந்தப் பிரம்படிக்குள்ளேயும் ஒரு மூலையில் வைத்திருந்தேன். உம்மா நம்பியிருக்கிறார். குசினி வாசலில் கையைக் கழுவிய அந்த நேரத்திலிருந்தே, என்னைப் பற்றியும் அவளைப் பற்றியும், ஒரு சொல் விடாமல் நம்பியிருக்கிறார்.

"அப்ப ஜின்?" என்று கேட்டேன்.

"அது ஊருக்கு" என்றார் உம்மா.

தட்டில் ஒரு பலகாரம் சரிந்திருந்தது. அதைப் பெருவிரலால் நேராக்கிவிட்டு வெளியே போனார். அங்கே இரண்டாம் முறை குரவைக்கு அவளை முன்னுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் தொடங்கினாள். நான் அந்தச் சட்டையை மடித்து, மற்றவற்றின் மேலே வைத்து, பெட்டியை மூடினேன்.